பழைய கணினிக்குப் புதிய இயங்குதளம்: முடிவெடுக்கும் முன் நான் பார்த்தவை

பழைய கணினியின் இயங்குதளத்தை மாற்றலாமா என்று யோசிப்பவர்களில் பலர் இரண்டு தனித்தனிக் குறைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்பது ஒரு குறை. இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது என்பது வேறொரு குறை. முதலாவதற்கான தீர்வு பெரும்பாலும் வன்பொருளில் இருக்கிறது. இரண்டாவதற்கு மட்டுமே இயங்குதள மாற்றம் தீர்வாகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததையொட்டி, எங்கள் வீட்டிலிருந்த மூன்று கணினிகளைப் பற்றியும் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மூன்றுக்கும் மூன்று வேறு விடைகள் கிடைத்தன. அந்த விடைகளைவிட, அவற்றை வந்தடைந்த வழிதான் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைப்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்றில் ஒன்று நான் அன்றாடம் பயன்படுத்தும் மடிக்கணினி. இன்டெல் ஐ5-8250யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், சுழலும் வன்தட்டு, விண்டோஸ் 10. இரண்டாவது அப்பாவுடையது. ஐ5-7200யூ, அதே 8 ஜிபி, அதே விண்டோஸ் 10. அப்பா தம் வரவு செலவுகளைப் பல ஆண்டுகளாக எழுதிவரும் கணக்கு மென்பொருள் அதில்தான் இருக்கிறது. மூன்றாவது ஒரு மேசைக் கணினி. கோர் 2 டுயோ காலத்தது, 4 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. பழைய ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் வருடி வைக்கும் ஸ்கேனர் அதனோடு இணைந்திருக்கிறது. அந்த ஸ்கேனருக்காகவே அந்தக் கணினியை விட்டு வைத்திருந்தோம்.

வேகத்தைப் பற்றிய கேள்வியை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்று என் மடிக்கணினியிலிருந்து தொடங்கினேன். அது துவங்கி, பிரவுசர் திறந்து, வேலைக்குத் தயாராவதற்குள் பொறுமை போய்விடும். விண்டோஸ் 11 போட்டால் வேகம் கூடும் என்று சிலர் சொன்னார்கள்; இருக்கிற வேகமும் போய்விடும் என்று வேறு சிலர் அதே உறுதியோடு சொன்னார்கள். இரு தரப்பினருமே அந்தக் கணினி எதனால் திணறுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. எனவே கணினி துவங்கியவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனித்தேன். பிராசஸரின் பயன்பாடு பெரும்பாலான நேரம் குறைவாகவே இருந்தது, ரேமிலும் இடம் மிச்சமிருந்தது. டிஸ்க் என்ற பத்தி மட்டும் 100% என்று நெடுநேரம் அசையாமல் நின்றது. சிக்கல் அந்த ஒரு பத்தியில் இருந்தது.

நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க 11 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகிறது. படிக்க வேண்டிய இடம் வன்தட்டின் படிப்புத் தலைக்கு நேராகச் சுழன்று வரும்வரை காத்திருப்பதும், தலை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகர்வதுமாகச் சேர்ந்து, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுத் தகவல்களை அது நொடிக்கு நூறு என்ற அளவில்தான் எடுத்துத் தர முடியும். நகரும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரக் கணக்கில் செய்துவிடுகிறது. இன்றைய இயங்குதளங்கள் பின்னணியில் தேடலுக்கான அட்டவணை தயாரிப்பது, திருத்தங்களை இறக்கி விரிப்பது, வைரஸ் சோதனை செய்வது என்று ஓயாமல் சிறு கோப்புகளைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், சுழலும் வன்தட்டு இருக்கும்வரை எந்தப் புதிய இயங்குதளமும் அந்தக் கணினிக்குச் சுமையைத்தான் கூட்டியிருக்கும். வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தியதும், இருந்த விண்டோஸ் 10 அப்படியே புதிய கணினியைப் போல ஓடத் தொடங்கியது. வேகத்துக்காக எதையும் மாற்ற வேண்டிய தேவை அத்துடன் முடிந்தது.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வன்தட்டை மாற்றுவதற்கு முன், அது தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும் ஸ்மார்ட் என்ற விவரங்களை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. பழுதானதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள் (தகவல் சேமிக்கும் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டார்கள் ஆகிய இரண்டு வரிகளிலும் பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண்கள் இருந்தன. அந்த நிலையில் உள்ள வன்தட்டின் மேல் இயங்குதளத்தை மேம்படுத்துவது, பல ஜிபி அளவுக்குப் புதிதாக எழுதவும் பழையதை இடம் மாற்றவும் அதற்கு ஆணையிடுவதாகும். பாதி வழியில் அது நின்றுபோனால் பழைய இயங்குதளமும் இருக்காது, புதியதும் இருக்காது. ஆகவே முதலில் முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தேன். அதன் பிறகே முழு வன்தட்டையும் எஸ்.எஸ்.டி.க்கு குளோன் செய்தேன், அதாவது இயங்குதளத்தோடு அப்படியே நகலெடுத்தேன். பழைய கணினியில் இயங்குதளத்தைத் தொடுவதற்கு முன் ஸ்மார்ட் விவரத்தைப் பார்ப்பது மிகச் சில நிமிட வேலை. அதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வேகத்தைத் தனியே பிரித்து எடுத்தபின் மிஞ்சியது பாதுகாப்பு. திருத்தங்கள் நின்றால் என்ன, நேற்று வரை ஓடிய கணினி இன்றும் ஓடத்தானே செய்கிறது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஆதரவு முடிந்த இயங்குதளத்தின் ஆபத்து மாதந்தோறும் கூடிக்கொண்டு போகும் இயல்புடையது. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டும் தங்கள் உள்ளகக் குறியீட்டில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்பவை என்பதால், 11-இல் அடைக்கப்படும் பல ஓட்டைகள் 10-இலும் இருக்கக்கூடியவை. திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, எந்த இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது தாக்குதல் நிரல் எழுதுபவர்களுக்குப் பழகிய வேலை. அதாவது, புதிய பதிப்புக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் திருத்தம் பெறாத பழைய பதிப்பின் பலவீனத்தை வெளியே காட்டிக்கொடுக்கிறது.

2017-இல் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அதே ஓட்டையைப் பயன்படுத்தும் வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் மே 12 அன்று பரவத் தொடங்கி, பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் உட்பட உலகெங்கும் கணினிகளைப் பூட்டிவிட்டது. திருத்தம் வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களாகியும் அதை நிறுவாமல் விட்டிருந்த கணினிகள்தாம் பெருமளவில் சிக்கின. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. திருத்தம் கிடைத்தும் போடாதவர்களின் நிலை அது. திருத்தமே கிடைக்காத இயங்குதளத்தில் இருப்பவருக்குப் போட்டுக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. 2014-லேயே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் அப்போது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது உண்மை. ஆனால் அப்படி ஒரு விதிவிலக்கு வரும் என்று எண்ணி எவரும் திட்டமிட முடியாது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். விண்டோஸ் 10-இல் அதனோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளக் கோப்புகள் 2028 அக்டோபர் வரை தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது; எட்ஜ் பிரவுசருக்கும் அதுபோலவே நீண்ட காலத்துக்குப் புதுப்பித்தல்கள் உண்டு. இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பாதுகாப்பு தொடர்கிறது என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் தெரிந்த தீநிரல்களை அடையாளம் கண்டு பிடிக்கிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியிலும் வலைத்தொடர்புப் பகுதியிலும் இருக்கும் ஓட்டைகளை அது அடைப்பதில்லை. இரண்டும் தேவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இந்தத் தெளிவு வந்தபின் என் மடிக்கணினிக்கு முடிவெடுப்பது எளிதாக இருந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதியுள்ள யூ.இ.எஃப்.ஐ. (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் புதிய வடிவம்), டி.பி.எம். 2.0 ஆகியவற்றோடு, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பட்டியலில் உள்ள பிராசஸரும் தேவை. இன்டெலில் ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏ.எம்.டி.யில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. இன்டெல் பிராசஸரின் தலைமுறையை அதன் எண்ணிலேயே படித்துவிடலாம்: 8250 என்றால் முதல் இலக்கமான 8, அதாவது எட்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 10210, 1135 போல 10, 11 என்று தொடங்குபவை பத்தாம், பதினோராம் தலைமுறைகள். ஐ3, ஐ5, ஐ7 என்பது தலைமுறையைக் குறிப்பதில்லை. ஐ7 வைத்திருக்கிறேன், எனவே போதும் என்று எண்ணுபவர்கள் அடுத்து வரும் எண்ணைப் பார்ப்பது நல்லது. குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி என்பது நிறுவுவதற்கான எல்லை மட்டுமே. பிரவுசரில் சில டேப்களோடு ஒரு ஆவணத்தையும் திறந்து வைப்பவருக்கு 8 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் நான் மேம்படுத்தச் சொல்ல மாட்டேன்.

மைக்ரோசாஃப்ட் தரும் பி.சி. ஹெல்த் செக் என்ற கருவியை என் கணினியில் ஓட்டியபோது, டி.பி.எம். 2.0 இல்லை, ஆகவே தகுதியில்லை என்று சொன்னது. இந்த ஒரு வரியைப் பார்த்து நல்ல கணினியை ஒதுக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். டி.பி.எம். என்பது குறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பகுதி. கடந்த சில ஆண்டுகளில் வந்த பெரும்பாலான பிராசஸர்களில் அது உள்ளடங்கியே வருகிறது, ஆனால் பல கணினிகளில் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்றும் அதற்குப் பெயர். கணினியை மறுதொடக்கம் செய்து, பயாஸுக்குள் போய், பாதுகாப்பு என்ற பகுதியின் கடைசியில் இருந்த பி.டி.டி.யை இயக்கி, சேமித்து வெளியே வந்தேன். அதன்பின் டி.பி.எம்.எம்.எஸ்.சி. என்ற நிர்வாகச் சாளரத்தில் பதிப்பு 2.0 என்று காட்டியது. ஹெல்த் செக் கருவியும் பச்சைக் குறி போட்டது. கணினியில் வன்தட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸ் அமைப்பைத் தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பயாஸில் செய்யும் மாற்றங்களுக்குப் பிறகு துவக்கத்திலேயே கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம்; கேட்கும்போது சாவி அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தால் பயனில்லை.

விண்டோஸ் 7 காலத்திலிருந்து மேம்படுத்தி வந்த கணினிகளில் வன்தட்டு, அதைப் பகுதிகளாகப் பிரிக்கும் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் இருக்கக்கூடும். யூ.இ.எஃப்.ஐ. முறையில் துவங்க அது ஜி.பி.டி. என்ற புதிய முறையில் இருக்க வேண்டும். தரவை அழிக்காமல் மாற்றித் தரும் கருவி விண்டோஸ் 10-லேயே இருக்கிறது. மாற்றியபின் பயாஸிலும் துவக்க முறையை யூ.இ.எஃப்.ஐ.க்கு மாற்ற வேண்டும், இல்லையேல் கணினி துவங்காது. என் கணினியில் இந்த வேலைக்குத் தேவை எழவில்லை.

அப்பாவின் மடிக்கணினி பார்வைக்கு என்னுடையதைப் போன்றதே. ஆனால் ஏழாம் தலைமுறை என்பதால் பட்டியலுக்கு வெளியே நின்றது. அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது அப்பா, "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதுல எதுக்குப்பா கை வைக்கிறே?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்கு அந்தக் கணினி என்பது அந்தக் கணக்கு மென்பொருள்தான். அது ஒரு நாள் திறக்காமல் போனால், இயங்குதளம் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. அந்த மென்பொருளின் பழைய பதிப்பு விண்டோஸ் 11-இல் ஓடுமா என்று அதன் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். அந்தப் பதிப்பை அதில் சோதித்துப் பார்க்கவில்லை, உறுதி தர முடியாது என்று பதில் வந்தது.

ரூஃபஸ் போன்ற கருவிகளைக் கொண்டு தகுதிச் சோதனைகளை நீக்கிவிட்டு, பட்டியலில் இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ நிறுவிவிடலாம். பலர் அப்படிச் செய்து நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் தகுதி பெறாத கணினிகளுக்குப் புதுப்பித்தல்கள் தருவதாக உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு மாற்றத்தை ஒவ்வொரு முறையும் கையாலேயே செய்ய வேண்டியும் வரலாம். நாம் இந்த மாற்றத்தைத் தேடுவதே பாதுகாப்புத் திருத்தங்களுக்காக. அந்தத் திருத்தங்களுக்கு உறுதியில்லாத வழியில் போனால் நோக்கமே அடிபட்டுப்போகிறது. தானே பழுது பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் தன் சொந்தக் கணினியில் இதைச் செய்து பார்ப்பதில் தவறில்லை. வேறொருவர் தம் வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் இதைச் செய்யக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவது வழியொன்று இருந்தது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருக்கும் வீட்டுக் கணினிகளுக்கு, பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் நீட்டிப்புத் திட்டம் அது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்வதற்கான இணைப்பு இருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அப்பா உள்ளூர்க் கணக்கில் நுழைபவர் என்பதால் அவருக்குப் புதிதாக ஒரு கணக்கு தொடங்க வேண்டியிருந்தது. "இப்ப எதையும் மாத்தலப்பா, திருத்தம் வர்றதுக்கு மட்டும் பதிஞ்சு வைக்கிறேன்" என்று சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்தேன். கடவுச்சொல்லை அவர் கையாலேயே அவருடைய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இந்த நீட்டிப்பில் புதிய வசதிகள் எதுவும் வராது, வருவது அவகாசம். அந்த அவகாசத்தில் கணக்கு மென்பொருளுக்கு வழி தேட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

மேசைக் கணினியின் கதை வேறு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்.எஸ்.இ. 4.2, பாப்கவுண்ட் ஆகிய கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் பிராசஸர் கட்டாயம். கோர் 2 டுயோவில் அவை இல்லை என்பதால் எந்தக் குறுக்கு வழியாலும் அது அங்கே துவங்கவே செய்யாது. எஞ்சியவை இரண்டு வழிகள். இணையத்தோடு தொடர்பே இல்லாமல் வைத்து ஸ்கேனருக்கு மட்டும் பயன்படுத்தலாம், அல்லது இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறலாம். முதல் வழி கேட்பதற்கு எளிது. ஆனால் ஸ்கேன் செய்த படங்களை வெளியே எடுக்கப் பென் டிரைவ் வேண்டும். அந்தப் பென் டிரைவ் மற்றக் கணினிகளுக்கும் இதற்கும் மாறி மாறிப் போய்வரும். இணையம் இல்லையென்றாலும் தொற்றுக்கு அந்த வழி திறந்தே இருக்கும்.

லினக்ஸின் மிகப் பெரிய நன்மை, நிறுவாமலேயே சோதித்துப் பார்க்க முடிவது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டின், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்கினேன். உள்ளிருக்கும் வன்தட்டைத் தொடாமல் முழு இயங்குதளமும் பென் டிரைவிலிருந்தே ஓடும். அப்போது அது மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போடக் கூடாது. பார்க்க வேண்டியவை வேறு: திரையின் அளவு சரியாக வருகிறதா, ஒலி கேட்கிறதா, இணையம் கிடைக்கிறதா, கணினியை உறங்க வைத்து எழுப்பினால் எழுகிறதா. என்னைப் பொறுத்தவரை ஸ்கேனர்தான் முக்கியம். அதன் தயாரிப்பாளர் 32 பிட் விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் (ஸ்கேனரை இயக்கும் மென்பொருள்) எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டிருந்தார். 64 பிட் விண்டோஸ் எதிலும் அது ஓடாது. லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் சேன் என்ற திட்டம் தயாரிப்பாளர்கள் கைவிட்ட பல பழைய மாடல்களையும் விடாமல் பேணி வருகிறது. ஸ்கேனரின் வடத்தைச் செருகி, ஆவண ஸ்கேனர் என்ற செயலியைத் திறந்தபோது, எதையும் நிறுவாமலேயே பட்டியலில் அதன் மாடல் பெயர் வந்து நின்றது. பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை வைத்து ஸ்கேன் பொத்தானை அழுத்தினேன். விளக்கு நகர்ந்தது, படம் திரையில் வந்தது. எல்லா ஸ்கேனர்களும் இப்படி வேலை செய்துவிடாது. சிலவற்றுக்குத் தனியே ஒரு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், சில ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. சேன் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே ஒரு முறை சோதித்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

அந்தக் கணினியில் தமிழ் ஆவணங்களும் நிறைய இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். இயங்குதளத்தை மாற்றும்போது கோப்புகளை நகலெடுக்க நினைவு வைத்திருப்பவர்கள்கூட எழுத்துருக் கோப்புறையை மறந்துவிடக்கூடும்; வன்தட்டை அழித்தபின் அந்த எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எழுத்துருக்களைத் தனியே எடுத்து வைத்து லினக்ஸில் நிறுவியபின், லிப்ரே ஆபிஸில் அந்த ஆவணங்கள் சரியாகத் திறந்தன. சில பக்கங்களில் வரிகளும் அட்டவணைகளும் இடம் மாறின. காலப்போக்கில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டியவை அவை. அந்த வேலை மெல்ல நடந்து வருகிறது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பேக்கப்பில் விட்டுக்கொடுக்க முடியாது. விண்டோஸ் 10-க்கு 2018 அக்டோபரில் வந்த பெரிய புதுப்பித்தல், சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோனதாகப் புகார்கள் வந்ததால் வெளியான சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, நவம்பரில்தான் மறுபடி வெளியிடப்பட்டது. புதிய பதிப்பு வந்த அன்றே பாயாமல் சில மாதங்கள் விட்டுப்பிடிப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் இருக்கும்வரை மேம்படுத்து என்ற பொத்தானைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்பாவின் கணக்குத் தரவை என் கணினியில் மீட்டுத் திறந்து, அவர் கடைசியாக எழுதிய பதிவு அதில் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன். நகலெடுக்கும்போது விட்டுப்போகக்கூடியவை சில உண்டு: பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக் கணினியிலேயே சேமித்து வைக்கும் அஞ்சல் கோப்பு, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிமச் சாவிகள். சில மென்பொருள்களில் பழைய கணினியில் உரிமத்தை விடுவித்தால்தான் புதிய இயங்குதளத்தில் அதைச் செயல்படுத்த முடியும். இயங்குதளத்தை அழித்தபின் அதை நினைத்துப் பார்த்துப் பயனில்லை.

என் மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐ இருந்ததன் மேலேயே மேம்படுத்தினேன். சுத்தமாக அழித்து நிறுவுவதே சிறந்தது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுக் குப்பை சேர்ந்த கணினிக்கு அது சரி. மேலேயே மேம்படுத்துவதில் வேறொரு நன்மை இருக்கிறது: முதல் பத்து நாட்களுக்குள் அமைப்புகளில் உள்ள மீட்புப் பகுதியிலிருந்து ஒரே சொடுக்கில் விண்டோஸ் 10-க்குத் திரும்பிவிடலாம். பழைய இயங்குதளம் விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறையில் அதுவரை காத்திருக்கும். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியால் அந்தக் கெடுவை 60 நாட்கள் வரை நீட்டிக்க முடியும், மேம்படுத்திய கையோடு அதைச் செய்துவிட்டேன். அந்த இடைவெளியில் அன்றாடம் தொடும் எல்லாவற்றையும் வேண்டுமென்றே ஒரு முறை இயக்கிப் பார்த்தேன்: பிரின்டர், கேமரா, காணொளி அழைப்பில் மைக், மூடியை மூடித் திறப்பது, தமிழ் விசைப்பலகை. வைஃபை மட்டும் இடையிடையே அறுந்தது. மடிக்கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை எடுத்துப் போட்டபின் சரியானது.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஏறத்தாழ இதுவேதான். ஆதரவு முடியும் தேதியை ஆப்பிள் முன்கூட்டியே அறிவிப்பதில்லை. நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தைய இரண்டும் திருத்தம் பெறுவது வழக்கமாக இருந்து வருகிறது. 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். 2019-இல் வந்த கேடலினாவிலிருந்து 32 பிட் செயலிகள் எதுவுமே ஓடாது என்பதால், அதற்கு முந்தைய பதிப்பில் நின்றுகொண்டிருப்பவர்கள் தாங்கள் நம்பியிருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறேன். மேசைக் கணினியில் மின்ட் 22 ஓடுகிறது. அதற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. அப்பாவின் கணினிக்கு 2026 அக்டோபர் 13 என்ற தேதி இருக்கிறது, அதை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பைச் சோதனைக்காக என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் நிறுவி, தரவின் நகலை அதில் ஏற்றியிருக்கிறேன். அசல் பழைய கணினியிலேயே இருக்க, அப்பா நேரம் கிடைக்கும்போது வந்து உட்கார்ந்து அதே பதிவுகளை இதிலும் எழுதிப் பார்க்கிறார். கூட்டுத்தொகைகள் ஒத்துப்போகின்றன, ஆண்டறிக்கையை அச்சிடும்போது மட்டும் வலது ஓரத்துப் பத்தி தாளுக்கு வெளியே போகிறது. அதைச் சரிசெய்ய வழி உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். அது தீர்ந்தால் அப்பாவின் கணக்குகளை விண்டோஸ் 11-க்குத் தகுதியுள்ள ஒரு கணினிக்கு மாற்றிவிட்டு, அவருடைய பழைய மடிக்கணினியிலும் பென் டிரைவிலிருந்து மின்டைத் துவக்கிப் பார்ப்பதாக இருக்கிறேன்.